பனிமுரசும் முப்பது கோடுகளும்

மலைகள் அப்போதுதான் தூங்கி எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்த பழங்காலத்தில், ஆம்பல்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரை இளநாகன் என்ற அரசன் ஆண்டுவந்தான். இந்தக் கதை அவனுடையது அல்ல. ஆனாலும் அரசனைச் சொல்லாமல் தொடங்கினால் கதைக்கே கோபம் வந்துவிடும். அதனால் அவனை முதலிலேயே சொல்லிவிடுவோம்.

ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. மார்கழியும் தையும் வந்தால் அந்த ஏரியிலிருந்து பனி எழும். வீடுகள் கரையும். மரங்கள் கரையும். எதிரே வருகிறவர்கள் முதலில் குரலாக வருவார்கள், பிறகு நிழலாக வருவார்கள், கடைசியாகத்தான் ஆளாக வருவார்கள்.

ஏரிக்கரையில் ஒரு குன்று. குன்றின் மேற்கு அடிவாரத்தில் ஒரு மேடை. மேடையின் மேல் எருமைத் தோல் போர்த்திய பெரிய முரசு. அதற்குப் பனிமுரசு என்று பெயர். விடியலில் முதல் பறவை கூவியதும் முரசு தொடங்கும். பனி கலையும் வரை ஓயக் கூடாது என்பது அந்த ஊர் விதி.

அந்த விதி எப்படி வந்தது தெரியுமா? அரசனின் பாட்டன் காலத்தில் ஒருமுறை மூன்று நாள் பனி கலையவே இல்லை. முதல் நாள் ஊரார் வேண்டினார்கள். இரண்டாம் நாள் அழுதார்கள். மூன்றாம் நாள், எருமையைத் தொலைத்துவிட்ட ஒருவன், அது சத்தம் கேட்டாவது வரட்டும் என்று கோயில் முரசை எடுத்துவந்து கரையில் நின்று அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். பனி கலைந்தது. ஊரே அவனைத் தோளில் தூக்கி ஆடியது.

எருமை வந்ததா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று தலைமுறையாக முரசு ஒலித்தது. பனி சீக்கிரம் போனால், "இன்று முரசு நன்றாகப் பேசிற்று" என்றார்கள். பனி தாமதமாகப் போனால், "முரசடிப்பவன் மனம் ஒன்றி அடிக்கவில்லை" என்றார்கள். பனியே வராத நாளில், "நேற்று வாங்கிய அடியில் பயந்துவிட்டது" என்றார்கள்.

முரசடித்தவன் பெயர் கொற்றன். அந்த எருமைக்காரனின் பேரன். தோள் இரண்டும் கல்தூண். உள்ளங்கை மட்டும் பனிக்காலம் முழுவதும் வெடித்து ரத்தம் கசியும். அதைப் பற்றி அவன் முனகியதே இல்லை. "என் பாட்டன் விரட்டினான், என் அப்பன் விரட்டினான், நான் விரட்டுகிறேன்" என்பான், வானத்தைச் சொந்தமாக வைத்திருப்பவனைப் போல.

அவன் மனைவி சேந்தி. கதை இவளுடையது.

சேந்தி ஏரியில் ஆம்பல் பறித்துச் சந்தையில் விற்பவள். நான்கு பேர் எதிரே வந்தால் தெருவின் ஓரத்துக்குப் போய்விடுவாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையில் இருக்கும் பூவைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். வாய் பேசாதவர்களுக்குக் கண் அதிகம் பேசும் அல்லவா? அவள் கண் எல்லாவற்றையும் பார்த்தது.

ஆம்பல் வெயில் ஏறினால் கூம்பிவிடும். அதனால் பனியோடு பனியாகத் தோணியில் போய்ப் பறித்துவர வேண்டும். அப்படிப் போய்ப் போய், அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். பனி முதலில் கலைவது ஏரியின் நடுவில், வெயில் முதலில் விழுகிற நாணல் திட்டில். கடைசியாகக் கலைவது குன்றின் நிழலில், முரசு மேடைக்குப் பக்கத்தில்.

'விரட்டுகிறது என்றால், பக்கத்தில் இருக்கும் பனியல்லவா முதலில் ஓட வேண்டும்?' என்று அவள் நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வருடம் சொல்லவில்லை.

ஏழாம் வருடம் அந்த நாள் வந்தது.

அன்று பக்கத்து நாட்டு அரசன் ஏரியைக் கடந்து உறவு கொண்டாட வருவதாக இருந்தது. இளநாகன் பட்டுடுத்தித் துறையில் நின்றான். கொற்றன் அடித்தான். பனி அசையவில்லை. விருந்தாளிக்காக வைத்திருந்த பூமாலை வாடியது. கொற்றன் அடித்தான். பனி அசையவில்லை. உச்சிப்பொழுது ஆயிற்று. முரசுத் தோலில் சிவப்புப் படிந்தது. பனி கலைந்தபோது எதிர்க்கரையில் யாரும் இல்லை. காத்திருந்த விருந்தாளி அவமானம் என்று கருதித் திரும்பிப் போயிருந்தான்.

அரண்மனைச் சோதிடரைப் பெருங்கணி என்று அழைப்பார்கள். அவர் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். "நேரத்தில் குற்றமில்லை. நேரத்தைக் குறித்தவன் நான். முரசில் குற்றமில்லை. அது பாட்டன் முரசு. குற்றம் கையில்தான்" என்றார்.

தீர்ப்பு சொல்லப்பட்டது. முழுநிலவுக்கு மறுநாள் விடியலில், கொற்றனைத் துடுப்பில்லாத தோணியில் ஏற்றிப் பனிக்குள் தள்ளிவிட வேண்டும். அந்த ஏரியின் தென்கோடியில் ஒரு கலிங்கு இருந்தது. மிகுதி நீர் அதன் வழியாகத்தான் பாறைகளின் மேல் விழுந்து ஓடும். துடுப்பில்லாத தோணிகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

சேந்தி பூக்கூடையோடு சந்தையில் நின்றிருந்தபோது இதைக் கேட்டாள். கூடை கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

முதலில் அப்பக்கடைக்காரி நப்பிளையிடம் போனாள். "அக்கா, பனியை முரசுதான் விரட்டுகிறது என்று எப்படித் தெரியும்?"

"அடி பைத்தியமே, தினமும் பார்க்கிறோமே! அடிக்கிறான், போகிறது."

"அது போகும்வரை அவர் அடித்துக்கொண்டே இருக்கிறாரே அக்கா. நானும்தான் பனி போகும்வரை பூப்பறிக்கிறேன். நான் பறிப்பதால் போகிறது என்று சொல்லலாமா?"

"சொல்லிப் பார். நாளைக்கு உன்னையும் அந்தத் தோணியில் ஏற்றச் சொல்வார்கள்" என்று நப்பிளை சிரித்தாள். சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, சூடான அப்பம் ஒன்றை எடுத்துக் கையில் வைத்தாள்.

அடுத்து ஓடக்காரர் வேட்டுவரிடம் போனாள். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தாயே, எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் சந்தேகத்தை நம்பி நாளைக்கு யார் முரசை நிறுத்துவது? பனி போகாமலே இருந்துவிட்டால்?"

மூன்றாவதாகத் தன் கணவனிடமே போனாள். அவன் காவலில் இருந்தான். கம்பிகளுக்கு அப்பால் கைகளை விரித்து ஆறவைத்துக்கொண்டிருந்தான்.

"அரசரிடம் பேசப் போகிறேன். முரசு பனியை விரட்டவில்லை என்று சொல்லப் போகிறேன். அது வெறும் சத்தம். உங்கள் மேல் குற்றமே இல்லை."

கொற்றன் நிமிர்ந்தான். "வெறும் சத்தமா?"

"ஆமாம்."

"என் உயிரைக் காப்பாற்ற என் பாட்டனையும் அப்பனையும் என்னையும் பொய்யாக்கப் போகிறாயா, சேந்தி? கலிங்கில் விழுந்தால் நான் ஒருவன்தான் சாவேன். நீ சொல்வது உண்மையானால் நாங்கள் மூன்று பேரும் வாழவே இல்லை."

சேந்தி கம்பிக்குள் கைநீட்டி அவன் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவினாள். பிறகு எழுந்து அரண்மனைக்குப் போனாள்.

அரசவை நிறைய ஆட்கள். அவர்கள் எல்லாருக்கும் நடுவே ஒரு தெரு அகலம் இடம் விட்டிருந்தார்கள். சேந்தி வழக்கம்போல ஓரமாகவே நடந்துபோய், தூணை ஒட்டி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அரசே, என்ன நடந்தால், முரசு பனியை விரட்டவில்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?"

பெருங்கணி சிரித்தார். "இதென்ன கேள்வி? விரட்டுகிறது என்று ஆன பிறகு விரட்டவில்லை என்று எதற்கு ஒப்புக்கொள்வது?"

ஆனால் அரசன் சிரிக்கவில்லை. இளநாகனுக்கு ஒரு குணம் உண்டு. பதில் தெரியாத கேள்வி காதில் விழுந்தால், காலில் முள் ஏறியது போல அவனால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. சோற்றைப் பிசைந்தான், உண்ணவில்லை. நந்தவனத்தில் நடந்தான், பூவைப் பார்க்கவில்லை. 'பனி சீக்கிரம் போனாலும் முரசு என்கிறோம். தாமதமாகப் போனாலும் முரசு என்கிறோம். வராவிட்டாலும் முரசு என்கிறோம். அப்படியானால் எதைக் கண்டுதான் நான் மாறுவேன்?'

மறுநாள் அவன் சேந்தியை வரவழைத்தான்.

"ஒன்று தோன்றுகிறது, பெண்ணே. முரசடிக்காத நாளிலும், அடித்த நாளைப் போலவே பனி போனால் ஒப்புக்கொள்வேன்."

"அடிக்காத நாள் எத்தனை உண்டு, அரசே?"

அரசன் அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் பெருங்கணியைப் பார்த்தார். பெருங்கணி கூரையைப் பார்த்தார். மூன்று தலைமுறையில் அப்படி ஒரு நாளே இல்லை.

"அப்படியானால் முப்பது நாள் கொடுங்கள்" என்றாள் சேந்தி. தரையைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "பதினைந்து நாள் முரசு. பதினைந்து நாள் மௌனம்."

"நல்லது. எந்த எந்த நாள் என்று நான் குறித்துத் தருகிறேன்" என்றார் பெருங்கணி.

"வேண்டாம் ஐயா. நீங்கள் குறித்தால் வெயில் வரும் நாளாகப் பார்த்து முரசுக்குக் கொடுத்துவிடுவீர்கள். நான் குறித்தால் மௌனத்துக்குக் கொடுத்துவிடுவேன். வேண்டுமென்று செய்ய மாட்டோம். கை தானாகச் செய்யும்."

அதனால் ஒரு பானை வைத்தார்கள். அதில் பதினைந்து சோழியும் பதினைந்து புளியங்கொட்டையும் போட்டார்கள். விடியலில் அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பானைக்குள் கைவிடுவான். சோழி வந்தால் முரசு ஒலிக்கும். புளியங்கொட்டை வந்தால் ஒலிக்காது. அந்த நாளில் யாராவது முரசைத் தொட்டால் தீர்ப்பு அப்படியே நிற்கும்.

துறையின் மேல் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. பனி கலைய எத்தனை நாழிகை ஆகிறதோ அத்தனை சாண் நீளத்துக்கு அதில் ஒரு கோடு. முரசு நாளுக்குக் காவிக்கோடு. மௌன நாளுக்குக் கரிக்கோடு. நாழிகை பார்க்க ஒரு செம்பு வட்டில். அடியில் சிறு துளையிட்ட அந்த வட்டில் தண்ணீரில் மிதந்து, நிரம்பி, மூழ்கினால் ஒரு நாழிகை. கோடு வரைவது சேந்தி; பார்த்துக்கொள்ள ஒரு காவலாள்.

"கரிக்கோடுகள் நீளமாக இருந்தால்?" என்று கேட்டான் அரசன்.

"நான் சொன்னது தவறு. நானும் அவரோடு அந்தத் தோணியில் ஏறுகிறேன்."

முழுநிலவு தள்ளிவைக்கப்பட்டது. அதாவது, நிலவு வந்தது, தோணி வரவில்லை.

முதல் நாள் சோழி. கொற்றன் காவலிலிருந்து வந்து அடித்தான். ஏழு நாழிகையில் பனி போயிற்று. சுவரில் சிவப்பாக ஏழு சாண் எழுந்தது.

இரண்டாம் நாள் புளியங்கொட்டை. ஊரே வாசலில் வந்து நின்றது. அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை. இலையிலிருந்து சொட்டும் துளி கேட்டது. பால் காய்வது கேட்டது. ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்டது. வெள்ளை உலகத்தில் எல்லாரும் கனவில் நிற்பதைப் போல நின்றார்கள். வட்டில் ஒருமுறை மூழ்கியது, மூன்றுமுறை மூழ்கியது, ஆறுமுறை மூழ்கியது.

பனி, யாரும் கூப்பிடாத விருந்தாளி தானாக எழுந்து போவதைப் போல, எழுந்து போயிற்று.

"அவன் மனதுக்குள் அடித்திருப்பான்" என்றாள் நப்பிளை.

நாட்கள் போயின. சந்தையில் வாதம் நடந்தது. "முந்தாநாள் முரசடித்தார்கள், நான்கே நாழிகையில் ஓடிற்று, பார்த்தீர்களா?" என்று ஒருவர் சொல்வார். "மௌன நாளிலும் ஒருமுறை நான்கில் போனதே?" என்று இன்னொருவர் கேட்பார். "அதுவா? நினைவில்லையே" என்பார் முதலாமவர். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நினைவில்லை. மனம் தனக்குப் பிடித்த கோடுகளை மட்டும் எண்ணிவைத்துக்கொள்கிறது. சுவர் எல்லாக் கோடுகளையும் வைத்திருந்தது.

சேந்தியின் மனமும் மனம்தானே?

பதினெட்டாம் நாள் மௌன நாள். பனி பத்து நாழிகை நின்றது. சேந்தி கரியை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். காவலாள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். எட்டு சாண் வரைந்ததும் அவள் கை நின்றது. இன்னும் இரண்டு சாண். 'எட்டு என்றால் எட்டுதான், யாருக்குத் தெரியும்? இரண்டு சாணில் ஓர் உயிர் இருக்கிறது.' கண்ணுக்குள் கலிங்கு விழுந்துகொண்டிருந்தது.

பிறகு, 'எனக்குப் பிடித்த கோட்டை நான் வரைந்தால், பெருங்கணிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?' என்று அழுதுகொண்டே மீதி இரண்டு சாணையும் வரைந்தாள்.

அன்று அவள் தேறினாள். ஆனால் உண்மையான சோதனை அது இல்லை. அது இருபத்துமூன்றாம் நாள் வந்தது.

அதுவரை மௌன நாட்களில் யாரும் ஏரியில் இறங்கவில்லை. பயம். சேந்தியும் வட்டிலருகே நின்றுவிடுவாள். ஆனால் சுவரைப் பார்த்துப் பார்த்து ஊருக்குத் தைரியம் வந்துவிட்டது. முரசு வெறும் சத்தம்தான், ஒலித்தாலும் ஒன்று, ஒலிக்காவிட்டாலும் ஒன்று என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அதைச் சேந்தியே நான்கு பேரிடம் சொல்லியிருந்தாள்.

இருபத்துமூன்றாம் நாள் புளியங்கொட்டை வந்தது. கோயிலில் அன்று திருவிழா. ஆயிரம் ஆம்பல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வட்டிலைக் காவலாளிடம் விட்டுவிட்டுச் சேந்தி தோணியை அவிழ்த்தாள்.

பூப்பறித்தாள். கூடை நிறைந்தது. வீட்டுக்குத் திரும்பலாம் என்று தோணியைத் திருப்பினாள்.

எந்தப் பக்கம் திருப்புவது?

முன்னால் வெள்ளை. பின்னால் வெள்ளை. தண்ணீரும் வானமும் ஒன்றாகத் தைத்த வெள்ளை. ஏழு வருடமாக இதே பனியில் போய்த் திரும்பியவள் அவள். ஒருநாளும் வழி தவறியதில்லை. ஏரி தனக்குப் பழக்கம் என்பதால்தான் அது என்று நினைத்திருந்தாள். இன்று ஏரி அவளைத் தெரியாததுபோல இருந்தது.

துடுப்பை வலித்தாள். நாணல் வந்தது. மறுபடி வலித்தாள். அதே நாணல் வந்தது. மூன்றாம் முறை வலித்தாள். நாணல் வரவில்லை. பதிலாக ஓர் இரைச்சல் வந்தது. மெல்லிய, இடைவிடாத, எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிற இரைச்சல். தண்ணீர் பாறையில் விழும் சத்தம்.

"யாரங்கே?" என்று ஒரு குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. ஓடக்காரர் வேட்டுவரின் குரல்.

"நான்தான் ஐயா, சேந்தி. கரை எந்தப் பக்கம்?"

"அதைத்தான் தாயே நானும் கேட்கிறேன்! ஓடத்தில் திருவிழாவுக்குப் போகிற பதினொரு பேர், பெருங்கணியும் சேர்த்து. நீர் இழுக்கிறது. துடுப்புக்கு அடங்கவில்லை."

குழந்தை ஒன்று அழுதது. பெருங்கணியின் குரல் ஏதோ மந்திரத்தை வேகவேகமாகச் சொன்னது. சேந்திக்குத் தோணி தன் அடியில் வழுக்கிப்போவது தெரிந்தது. தன் கணவனுக்காக எந்தக் கலிங்கை நினைத்து அழுதாளோ, அதே கலிங்குக்கு அவள் துடுப்போடு போய்க்கொண்டிருந்தாள்.

அப்போது, தொலைவில், பனிக்கு அந்தப் பக்கத்தில், தும் என்றது.

தும். தும். தும்.

சேந்தி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். இன்று புளியங்கொட்டை. இன்று முரசைத் தொட்டால் தீர்ப்பு நிற்கும். கொற்றனுக்கு அது தெரியும். தெரிந்தே அடிக்கிறான். ஒவ்வொரு அடியும் அவனைத் துடுப்பில்லாத தோணியில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடியும் அவளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தது.

"ஐயா! சத்தத்துக்கு நேரே வலியுங்கள்!" என்று அவள் கத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கத்தியதில்லை.

முரசை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வலித்தார்கள். இரைச்சல் முதுகுக்குப் பின்னால் தேய்ந்தது. முரசு பெருத்தது. தும் என்பது நெஞ்சுக்குள் கேட்டது. தோணி மணலில் தட்டியது.

கரையில் ஊர் கூடியிருந்தது. கொற்றன் மேடையில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் கோல் அவன் கையிலிருந்து நழுவியது. முரசு நின்றது.

"தொட்டுவிட்டான்! புளியங்கொட்டை நாளில் தொட்டுவிட்டான்!" என்றது கூட்டம்.

"நேரமாகியும் இவள் திரும்பவில்லை என்று கேட்டதும் எங்களைத் தள்ளிவிட்டு மேடைக்கு ஓடினான். நிறுத்து என்று சொன்னோம், கேட்கவில்லை அரசே" என்றான் காவலாள். "என் பெண்டாட்டி ஏரியில் இருக்கிறாள், துடுப்பில்லாத தோணியை எடுத்துவையுங்கள், நான் அடித்துவிட்டு வந்து ஏறிக்கொள்கிறேன் என்றான்."

பெருங்கணி ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே இறங்கினார். "பார்த்தீர்களா? நான் குறித்த நல்ல நேரத்தில் கிளம்பியதால்தான் பிழைத்தோம்!"

அரசன் அவரை மெல்லப் பார்த்தான். "கலிங்கில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள், பெருங்கணி?"

"அது... கிளம்பும்போது நேரம் இம்மி பிசகிவிட்டது என்று."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் முகம் இறுகியது. விதி விதிதானே? எல்லாரும் சேந்தியைப் பார்த்தார்கள். அவள் இந்த முறை ஓரமாகப் போகவில்லை. மணலின் நடுவே வந்து, முதல் முறையாக அரசனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அரசே, தவறு செய்தவள் நான். உங்களைக் கேட்ட கேள்வியை நான் என்னைக் கேட்கவில்லை. முரசு பனியை விரட்டவில்லை என்று கண்டேன். உடனே, முரசால் பயனே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டும் ஒன்றல்ல. என் பேச்சைக் கேட்டுப் பதினொரு பேர் ஏரியில் இறங்கினார்கள்."

அவள் கையை நீட்டி ஏரியைக் காட்டினாள்.

"ஆனால் இப்போது எல்லாரும் பாருங்கள். ஒரு நாழிகை நேரம் முரசு ஒலித்திருக்கிறது. பனி அசைந்ததா?"

பார்த்தார்கள். பனி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, பால் உறைந்ததைப் போல.

"பனி போகவில்லை. நாங்கள் வந்தோம். அன்றைக்கு அந்த எருமையும் வந்திருக்கும். அதை நாம் கேட்கவே இல்லை."

மூன்று தலைமுறையில் முதல் முறையாக, முரசு அடித்து ஓய்ந்த பிறகும் பனி ஓயாமல் இருந்தது.

அரசன் சொன்னான்: "கோடு பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதியை வைத்தோம். இன்றைய கோட்டை வரைய வேண்டாம். புளியங்கொட்டையைத் திரும்பப் பானையில் போடுங்கள். மீதி நாட்கள் நடக்கட்டும். மௌன நாளில் ஒருவரும் ஏரியில் இறங்கக் கூடாது. தோணி காத்திருக்கும்."

மீதி நாட்கள் நடந்தன. கடைசிக் கோடு வரைந்ததும் இரண்டு கயிறுகள் கொண்டுவந்தார்கள். காவிக்கோடுகளின் நீளத்தையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கயிற்றில் அளந்தார்கள். கரிக்கோடுகளை இன்னொன்றில் அளந்தார்கள். இரண்டையும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார்கள்.

நூறு சாணுக்கும் மேலான கயிறுகள். காவிக்கயிறு நான்கு விரற்கடை மட்டும் கூடுதல் நீளம். அவ்வளவுதான்.

"ஐயோ! அப்படியானால் முரசு பனியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது!" என்று கத்தினாள் நப்பிளை.

"இல்லை அக்கா" என்று சேந்தி சிரித்துவிட்டாள். "இவ்வளவு நீளத்தில் நான்கு விரல் ஒன்றுமே இல்லை. இன்னொரு முப்பது நாள் பார்த்தால் அது கரிப்பக்கம் போனாலும் போகும். சின்னதை வைத்துப் பெரியதாக ஒன்றைக் கட்ட வேண்டாம். ஒருமுறை கட்டியதே போதும்."

இளநாகன் துடுப்பில்லாத அந்தத் தோணியைக் கரைக்கு இழுக்கச் சொன்னான். அதற்கு இரண்டு துடுப்பு செய்து பொருத்தச் சொன்னான். பிறகு அதைச் சேந்திக்குக் கொடுத்தான்.

முரசு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள், இல்லையா?

மறுநாள் விடியலில் முதல் பறவை கூவியது. கொற்றன் மேடையில் ஏறினான். ஆவேசமாக அடிக்கவில்லை. ரத்தம் வர அடிக்கவில்லை. ஓர் அடி, ஒரு மூச்சு நேர அமைதி, பிறகு ஓர் அடி. கை வலித்தால் இன்னொருவர் வந்து கோலை வாங்கிக்கொள்வார். அதற்கென்று மூன்று பேரை அரசன் வைத்திருந்தான்.

சேந்தி தோணியை அவிழ்க்கும் முன் மேடைப் பக்கம் போனாள். "வெறும் சத்தம் என்று சொல்லியிருக்கக் கூடாது" என்றாள், பூக்கூடையைப் பார்த்துக்கொண்டு.

"நானும் வானத்தை விரட்டுகிறேன் என்று சொல்லியிருக்கக் கூடாது" என்றான் கொற்றன். பிறகு கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டான்: "என் பாட்டன் பொய்யில்லையே?"

"இல்லை. அவர் எருமையைக் கூப்பிட்டார். நாம்தான் பனியை விரட்டினார் என்றோம்."

அவள் பனிக்குள் போனாள். முதலில் ஆள் மறைந்தது, பிறகு நிழல் மறைந்தது, பிறகு துடுப்பின் சத்தம் மறைந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், போகுமிடமெல்லாம், தும் என்று வீடு ஒலித்துக்கொண்டே இருந்தது.

பனி தனக்கு வேண்டிய நேரத்தில் போயிற்று.

கதை இத்தோடு கரை சேர்ந்தது. அது சொல்லும் நீதி இதுதான்: நாம் நம்பும் எதையும், நமக்குப் பிடித்ததையும் சேர்த்தே, "என்ன நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வேன்?" என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.